கோலியைத் தள்ளிய கை

நித்யா,

உன் பெட்டி மூடாது என்று நான் முதலிலேயே சொன்னேன், நீ கேட்கவில்லை. நானும் அப்பாவும் மேலே ஏறி உட்கார்ந்துதான் ஜிப்பை இழுக்க முடிந்தது. இப்போது அது கதவோரம் உப்பிக்கொண்டு நிற்கிறது. ஷபானாவிடம் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று நீ கிளம்பிவிட்டாய். நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தால் அவள் அம்மா டீ போட்டு, சேமியா கிண்டி, அதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் இந்த மத்தியானத்தில் தைரியமாக எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குக் காட்பாடியில் ரயில் ஏறியதும் கைப்பையைத் திறந்தால் முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் இது இருக்கும். முறுக்கைத் தின்றுகொண்டே படி. எண்ணெய்க் கை பட்டாலும் பரவாயில்லை.

இதையெல்லாம் நேரில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நேரில் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். ஒரே வார்த்தையில் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிற வித்தை அது. எனக்கு உடனே கோபம் வரும். அப்புறம் சொல்ல வந்தது போய், நீ துவைக்காமல் விட்ட துணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். ஆம்பூர் ஷூ கம்பெனி தையல் செக்ஷனில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பேசி என் குரலே அப்படி ஆகிவிட்டது. பாசமாகப் பேசினாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று எட்டிப் பார்க்கிறார்கள். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

புனேயில் உனக்கு என்ன வேலை என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. புதிதாகக் கட்டுகிற தொழிற்சாலைகளில் கன்வேயர் லைன் போட்டுக் கொடுக்கிற கம்பெனி, போட்டு முடித்ததும் முதன்முதலாக ஓட விட்டுப் பார்ப்பது நீ சேர்கிற குழுவின் பொறுப்பு என்று சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. இப்போது சுருக்கமாக, "மெஷினுக்கு முதல் பட்டன் அமுக்குற வேலை" என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு சிரிப்பு வருகிறது. முதல் என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே உன்னை வரவிடாமல் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. உனக்கு அது எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. எனக்கு ஒரு துளி மறக்கவில்லை.

உன் அத்தை அப்போதுதான் பஸ் ஸ்டாப் பக்கம் டிபன் கடை போட்டிருந்தாள். அப்பாவுக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான், அதுவும் மூத்தவள், ஆகவே அவள் சொல்வதுதான் இந்த வீட்டில் சட்டம். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் எல்லாம் அவளிடம்தான் இட்லி வாங்குவார்கள். அன்றைக்கு உன் கையில் தூக்கைக் கொடுத்து நான்தான் அனுப்பினேன். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். நீதான் முதல் ஆள். நீ காசை நீட்டினாய், அத்தை வாங்கினாள், பின்னால் செங்கல் மேடைமேல் இருந்த மாவு அண்டா அப்படியே சரிந்து மொத்த மாவும் ரோட்டுக்கு வந்துவிட்டது. கடை திறந்து நாலு நாள்கூட ஆகாத நேரம். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "இன்னா கைடீ உன் கை! போணி பண்ணதும் இப்பிடி ஆய்டுச்சே!" என்று கத்தினாள். நீ அழவில்லையாம். குனிந்து மேடைக்கு அடியில் பார்த்துவிட்டு, "அத்தை, கீழ செங்கல் ஒடஞ்சிருக்குது" என்றாயாம். யார் காதிலும் விழவில்லை. மாவு போன வயிற்றெரிச்சலில் செங்கல்லை யார் பார்ப்பார்கள்?

அன்றோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். அதற்கப்புறம் ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது பார்க்கிறேன், நீ தூக்கை வைத்துக்கொண்டு கரண்ட் கம்பத்தடியில் நிற்கிறாய். கடை காலியாக இருக்கிறது, நீ போகவில்லை. யாரோ ஒரு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போன பிறகு மெதுவாக நடந்து போகிறாய். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, நேராகக் கடைக்குப் போய்க் கத்தினேன். அன்றைக்கு அரை நாள் சம்பளம் போனது, போகட்டும் என்று விட்டேன். அத்தை துளியும் அசரவில்லை. "நான் இன்னா அவள அடிச்சனா, திட்னனா? யாராச்சும் ஒருத்தரு வாங்கினதும் வான்னு சொன்னேன். கட நடத்துறவளுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, நித்யா. உனக்கு ஜுரம் வந்தால் கடையை மூடிவிட்டு வந்து உட்காருகிறவளும் அவள்தான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டு ஒதுக்கிவிட்டுப் போயிருப்பேன்.

கைராசி இல்லாதவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அப்புறம் சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. மிக்சி புகைந்தால் நீ போட்டதால். புதுவருஷக் கோலம் மழையில் கரைந்தால் நீ முதல் புள்ளி வைத்ததால். அப்பாகூட ஒரு தடவை புது பல்பு மாட்டும்போது, "நித்யா, நீ சுவிட்ச் போடாத, அம்மா போடட்டும்" என்று விளையாட்டாகச் சொன்னார். நீ சிரித்தாய். சிரித்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். அதற்குப் பிறகு எந்தப் புது சாமான் வந்தாலும் நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்ப்பாய்.

ஒன்பதாம் வகுப்பில் மேரி டீச்சர் அந்த அறிவியல் போட்டியைப் பற்றிச் சொன்னபோது வீட்டுக்கு வந்து நீ விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆனால் கையால் ஊற்றக் கூடாது. ஒன்றைத் தட்டினால் அது இன்னொன்றைத் தட்டி, அது வேறொன்றை உருட்டி, இப்படியே சங்கிலி மாதிரி போய்க் கடைசியில் தண்ணீர் விழ வேண்டும். ஆரம்பிக்க ஒரு தடவை தொடலாம். அதற்கப்புறம் யாரும் கை வைக்கக் கூடாது. நான், "டம்ளர்ல தண்ணி ஊத்த இம்மாம் பேஜாரா?" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய் பார், இன்னும் அதை நான் மன்னிக்கவில்லை.

நீயும் ஷபானாவும் சேர்ந்து வீட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். கட்டிலில் தொடங்கி அடுப்படி வரை மெஷின். நாங்கள் சாப்பிடப் போவதென்றாலும் பாத்ரூம் போவதென்றாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா கம்பெனியில் கேட்டு, கழித்துப்போட்ட சாமான்களைக் கேட் பாஸ் போட்டு வாங்கி வந்தார். பாலிஷ் போடாத தோலில் நீளமாக ஒரு துண்டு, அதன் இரண்டு ஓரத்தையும் கிளிப்பு போட்டு மடக்கி நீங்கள் வாய்க்கால் செய்தீர்கள். அதில் ஒரு கோலி உருண்டு வரும். வளைவில் திரும்பி, வரிசையாக நிற்கிற ஹீல் கட்டைகளில் முதல் கட்டையைத் தட்டும். குழந்தை ஷூவின் குட்டி ஹீலில் ஆரம்பித்து, லேடீஸ் ஷூவின் உயரமான ஹீல் வரை, சின்னது பெரியதைச் சாய்க்க, அது அதைவிடப் பெரியதைச் சாய்க்கும். கடைசி ஹீல் போய், மேஜை விளிம்பில் நிற்கும் லாஸ்ட்டை, அதுதான் ஷூவுக்கு அச்சாக வைக்கிற கட்டையை, தள்ளும். கால் மாதிரியே இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் கட்டை விழும்போது, அதில் கட்டிய ஷூ லேஸ் கப்பி மாதிரி மாட்டிய நூல்கோன் மேலே ஓடி, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்க்கும். சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது! கோலி குதித்து ஓடி அடுப்புக்கடியில் போய் ஒளிந்த நாள்கள் எத்தனை, ஹீல் வரிசையை நானே புடவை தட்டிச் சாய்த்த நாள்கள் எத்தனை. வாய்க்காலின் சாய்வை ஒரு விரல் ஏற்றி, அரை விரல் இறக்கி, நீ தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு பார்ப்பாய். ஷபானா, "யேய், நீ தூங்கினியா பாக்குறியா?" என்று உன் முதுகில் தட்டுவாள்.

ஒருநாள் அத்தை வந்து கட்டில்மேல் கால் மடக்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். நீ தள்ளிய கோலி வளைவில் நின்றுவிட்டது. நீ மறுபடி தள்ளினாய், ஹீல் ஒன்று சாயவில்லை. சாய்வைத் திருத்திவிட்டு நீ தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஷபானா தள்ளினாள், தண்ணீர் கொட்டிவிட்டது. அத்தை தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "பாத்தியா! அந்தப் பொண்ணு கை ராசியான கை. போட்டியில அவளே தள்ளட்டும். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கோ, கண்ணு" என்றாள். கண்ணு என்றுதான் சொன்னாள், அன்பாகத்தான் சொன்னாள். ஷபானாதான், "அத்த, சாய்வ கரெக்ட் பண்ணது நித்யா, அதனாலதான் ஓடுச்சு. டிசைன் பூரா அவளுது. அவதான் தள்ளணும்" என்று எதிர்த்துப் பேசினாள். உன் கைகள் மறுபடி முதுகுக்குப் பின்னால் போவதை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். பரிசு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், இந்தப் பெண் அந்தக் கோலியைத் தன் கையால் தள்ளிவிட வேண்டும், அது போய்ச் சேர வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் வேண்டிக்கொண்டேன். எனக்கு அந்தப் போட்டி அவ்வளவுதான். உனக்கும் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

போட்டி வேலூரில், ஒரு கல்லூரி மண்டபத்தில். வேன் பிடித்தோம், அத்தையும் கடையை மூடிவிட்டு ஏறிக்கொண்டாள். மெஷினைப் பிரித்துப் பலகையோடு அடுக்கி, பள்ளிகொண்டா டோல்கேட்டில் வேன் குலுங்கியபோது அப்பா வாய்க்கால் பலகையை மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் வைத்திருந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு பெருமை. எனக்குக் காரணம் தெரியவில்லை. நம் மெஷினைப் பற்றிய பெருமை என்று நினைத்துக்கொண்டேன். மண்டபத்தில் போய்ப் பலகைமேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தபோது பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம், "ஹே, எவ்ளோ பளபளன்னு இருக்குது பாரு" என்று வந்து பார்த்தார்கள். நீ ஹீல் கட்டைகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தாய். உனக்கு எதுவும் தோன்றவில்லை. பெற்றவர்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். கயிறு தாண்டினால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்களாம். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு தடவை வாய்ப்பு.

முதல் தடவை நீதான் தள்ளினாய். கோலி புறப்பட்ட வேகமே சரியாக இல்லை. வீட்டில் அது ஆடி அசைந்து வரும், இங்கே பாம்பு துரத்துகிற மாதிரி ஓடியது. வளைவில் திரும்பவே இல்லை. வாய்க்காலை விட்டு எகிறி, தரையில் டக் டக்கென்று துள்ளி, நடுவர் ஒருவரின் செருப்பில் போய் முட்டி நின்றது. மண்டபத்தில் கொஞ்சம் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே என் பக்கத்திலிருந்து உன் அத்தையின் குரல், கடையில் ஆர்டர் சொல்கிற அதே குரல், "நான் அப்பவே சொன்னேன்ல?" நீ திரும்பிப் பார்த்தாய். உன் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. நித்யா, அன்றைக்கு அந்தக் கயிறு மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது. ஒன்று உன்னை அள்ளிக்கொண்டு வந்திருப்பேன், இல்லை அத்தையின் வாயைப் பொத்தியிருப்பேன். இரண்டும் தப்பு. நல்லவேளை கயிறு இருந்தது.

நீ அழுதுவிடுவாய் என்று நினைத்தேன். நீ குனிந்தாய். வாய்க்காலில் ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழ் வரை இழுத்தாய். விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாய். அப்புறம் நிமிர்ந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் அப்பாவைப் பார்த்து, "அப்பா, இன்னா பண்ண?" என்றாய். அவர் முகத்திலிருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "ஒண்ணும் பண்ணல பாப்பா. காத்தால லைட்டா வேக்ஸ் அடிச்சி பிரஷ் போட்டேன். மால் வெளிய போவுதே, அப்பிடியே எப்பிடி அனுப்புறதுன்னு..." என்றார். பினிஷிங் செக்ஷனில் இருபது வருஷமாக நிற்கிற மனுஷன். பளபளப்பு ஏற்றாமல் ஒரு ஜோடி ஷூவை அவர் கை பெட்டிக்குள் விட்டதில்லை. நாமெல்லாம் எழுந்திருக்கும் முன்னால் எழுந்து, பெண்ணின் மெஷினுக்கு பினிஷிங் செய்திருக்கிறார்! சொரசொரப்பாக இருந்து கோலியை நிதானமாகக் கொண்டுவந்த தோல் கண்ணாடி மாதிரி வழுக்க ஆரம்பித்துவிட்டது. வேறு எந்த ஊர்க்காரனும் செய்ய முடியாத தப்பு அது. ஆம்பூர்க்காரன், அதிலும் உன் அப்பா மட்டும்தான் செய்ய முடியும்.

அப்புறம் உன் கைகள் வேலை செய்ததைத்தான் பார்க்க வேண்டும். கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாய். ஷபானா ஒரு வார்த்தை கேட்காமல் எதிர்ப் பக்கம் கழற்றினாள். தோலை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டு, வேக்ஸ் படாத உள்பக்கத்தை மேலே கொண்டுவந்தீர்கள். கிளிப்புகளை மறுபடி மாட்டினீர்கள். நீ தொட்டுப் பார்த்தாய். உள்பக்கம் முன்பைவிடச் சொரசொரப்பு ஜாஸ்தி என்று உன் முகத்திலேயே தெரிந்தது. கோலி பாதியில் நின்றுவிடும். உன் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வாய்க்காலின் தலைப் பக்கத்துக்கு முட்டுக் கொடுத்தாய். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தாய், அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே இல்லாமல், யூனிபார்மோடு. எழுந்து, படுத்திருந்த பாக்ஸைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, சாய்வை இன்னும் கொஞ்சம் ஏற்றினாய். ஒரு தடவை உருட்டிப் பார்த்துக்கொள்ளக்கூட அனுமதி இல்லை.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "டீச்சரம்மா, இந்த வாட்டியாவது அந்தப் பொண்ணு ஷபானா தள்ளட்டும்! இதான் கடைசி சான்ஸு!" என்றாள். மேரி டீச்சர் உன்னைப் பார்த்தார். "டீச்சர், ராசி இல்ல, வேக்ஸு. எது எதத் தட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். நானே தள்றேன்" என்றாய். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. செங்கல் உடைந்திருக்கிறது என்று ஏழு வயதில் சொன்னாயே, அதே குரல். வித்தியாசம் ஒன்றுதான், இந்தத் தடவை கேட்பதற்கு ஒரு மண்டபமே இருந்தது.

நீ தள்ளினாய். நான் என் கைகள் இரண்டையும் முந்தானையில் சுற்றி மடியில் அழுத்திக்கொண்டேன். கோலி உருண்டது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, வளைவுக்கு வந்தபோது நின்றே விடும்போல இருந்தது. திரும்பியது! முதல் ஹீலைத் தொட்டது. குட்டி ஹீல் தன் அண்ணனைச் சாய்த்தது, அது தன் அக்காவைச் சாய்த்தது, டக டக டகவென்று பெரிய ஹீல்கள் வரை ஓடியது. கடைசி ஹீல் லாஸ்ட்டில் போய்ச் சாய்ந்தது. லாஸ்ட் விழவில்லை. விளிம்பில் நின்று ஆடியது. உன் கைகள் பின்னால் போகவில்லை, நித்யா. பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன, நீ பார்த்துக்கொண்டிருந்தாய், தொடவில்லை. லாஸ்ட் இன்னொரு தடவை ஆடியது, குப்புற விழுந்தது, லேஸ் சர்ரென்று ஓடியது, பாட்டில் கவிழ்ந்தது, டம்ளரில் தண்ணீர்! ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. ஷபானா உன்னைத் தூக்கிச் சுற்றினாள். எனக்குப் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாவை நான் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், அவள் பிள்ளையின் அணி நமக்கு எதிர் அணி என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதல் பரிசு வாங்கியதெல்லாம் கதைக்குத் தேவையே இல்லை, ஆனாலும் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் பரிசு! முதல் தடவை ஏன் தவறியது என்று நடுவர் கேட்க, நீ பதில் சொன்ன விதத்துக்காகவே கொடுத்தோம் என்று மேடையிலேயே சொன்னார்கள். அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல், "தோலோட மேல்பக்கம் வழவழப்பு கூடிப்போச்சு சார்" என்று மட்டும் சொன்னாய். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது கீழே இறங்கியதும் நீ செய்தது. அப்பா கும்பலில் சேராமல் தூண் பக்கமாக நின்றிருந்தார். நீ நேராகப் போய், "அப்பா, மெஷின ஸ்கூல் ஷோகேஸ்ல வைக்கப் போறாங்களாம். இப்ப போடு உன் பாலிஷ, நல்லா பளபளன்னு" என்றாய். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பிளாக்கா, பிரவுனா?" என்று கேட்டார்.

இதை ஏன் இப்போது நீட்டி முழக்குகிறேன் என்றால், நீ போகிற இடத்திலும் பாலிஷ் போடுகிறவர்கள் இருப்பார்கள். கெடுதல் நினைத்துச் செய்கிறவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். நல்லது நினைத்து நம் வேலையில் வேக்ஸ் தடவிவிட்டுப் போகிறவர்களிடம்தான் நிதானம் வேண்டும். அவர்களிடம் கத்தாதே. தோலைத் திருப்பிப் போடு, வேலையை முடி, அப்புறம் அவர்களுக்கும் ஒரு வேலை கொடு. இதை நீ எங்களிடம் படித்ததாக நினைக்காதே. நானாக இருந்தால் கத்தியிருப்பேன், அப்பாவாக இருந்தால் அழுதிருப்பார். உனக்கே உரியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், புது ஊர்ச் சத்தத்தில் மறந்துவிடக் கூடாது என்பதற்காக. இன்னொன்று. அங்கே ஒரு மெஷின் நின்றுபோனால் நாலு பேர் உன் முகத்தைப் பார்ப்பார்கள். புதுசு, பொம்பளைப் பிள்ளை, வெளியூர் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். கைராசி என்ற வார்த்தை அந்த ஊர் பாஷையிலும் இருக்கும். அப்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளாதே. குனிந்து பார். வேளாவேளைக்குச் சாப்பிடு என்பதையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன், தனியாகச் சொன்னால் நீ படிக்க மாட்டாய்.

அத்தை அன்றைக்குத் திருந்திவிட்டாள் என்று எழுதினால் நீயே சிரிப்பாய். வேனில் திரும்பி வரும்போது, "அந்த டப்பா இருக்குதே, ஜாமெட்ரி டப்பா, அதுதான் ராசியான டப்பா" என்று சொன்னவள் அவள். உன்னிடம் கெஞ்சி அதை வாங்கிப் போய் கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். நீ காலேஜ் படிக்கும்போது அவள் கிரைண்டரைப் பிரித்துச் சரி செய்து கொடுத்தாய், அப்போதும் டப்பாவுக்குத்தான் விபூதி வைத்தாள். அதனால்தான் போன வாரம் அவளே வீடு தேடி வந்து, "வெள்ளிக்கிழம புதுக் கட தொறக்குறேன். நித்யா ஊருக்குப் போறதுக்குள்ள அவ வந்து போணி பண்ணணும். ஊரு ஊரா போயி மெஷினுக்கே போணி பண்ணப் போறவ, எனக்குப் பண்ண மாட்டாளா?" என்றபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. உனக்கு வேலை கிடைத்த பெருமையில் பேசுகிறாள், ஏதாவது கவிழ்ந்தால் பழைய பாட்டுதான் என்று நினைத்தேன். நீ வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றாய். நோட்டை வலது கையால் நீட்டினாய். அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீ இட்லியை வாங்கிக்கொண்டு, பாங்க் வேலை இருக்கிறது என்று உடனே கிளம்பிவிட்டாய். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அத்தை சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

நீ தெருமுனை திரும்பியிருக்க மாட்டாய். புது மேஜைமேல் இருந்த சாம்பார் வாளி வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. புது டைல்ஸ் முழுக்க சாம்பார். பரிமாற ஒத்தாசைக்கு நானும் அப்பாவும் கடைக்குள் இருந்தோம். அப்பா கரண்டியைப் பிடித்தபடி சிலையாகிவிட்டார். நான் சண்டைக்குத் தயார். பதினைந்து வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் நுனி நாக்கில் நின்றன. அத்தை நீ போன பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டிவலியோடு முனகி முனகி உட்கார்ந்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். "டேய் தம்பி, இந்தப் பக்கம் டைல்ஸ் எறக்கமா கீதுடா. கால் ஆடுது. ஒரு அட்டய மடிச்சிக் கொண்டா" என்றாள். வரிசையில் நின்ற ஒரு ஆள், "மொத நாளே இப்பிடி ஆய்டுச்சே, யாரும்மா போணி பண்ணது?" என்று கேட்டார்.

மேஜைக்கு அடியிலிருந்தே உன் அத்தை சொன்னாள்: "போணி பண்ணது என் தம்பி பொண்ணு. டைல்ஸ் போட்டது மேஸ்திரி. யாரத் திட்டணும்னு எனக்குத் தெரியும்."

நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விழுங்கிவிட்டு, தரை துடைக்கத் துணி தேடிப் போனேன். போய் வா, என் தங்கமே. பட்டனை அமுக்கு.

அம்மா